மலையைப் பார்க்காத மேப்பை வைத்து டவர் மறுக்காதீர்கள்: செல்போன் நிறுவனங்களின் திட்டப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சேவை தரும் செல்போன் நிறுவனங்களின் அலைபரப்புத் திட்டப் பொறியாளர்களுக்கும், டவர் கேட்டு வரும் மனுக்களுக்குப் பதில் எழுதும் அதிகாரிகளுக்கும்,

மலையோரக் கிராமங்களின் மனுக்களுக்கு உங்களிடமிருந்து வரும் பதில் அச்சு மாறாமல் ஒன்றுதான்: "குறிப்பிட்ட பகுதி ஏற்கெனவே எங்கள் சேவை எல்லைக்குள் உள்ளது. புதிய கோபுரத்திற்கு அவசியம் எழவில்லை." கூடவே ஒரு வண்ண மேப். அதில் ஊர் பச்சையாக இருக்கிறது. அதே ஊரில் ரேஷன் கடை ஊழியர் விரல்ரேகை இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு, பின்னால் அட்டைதாரர்கள் வரிசையாக நடக்க, சிக்னல் எட்டும் பாறைக்கு ஏறுகிறார். 108ஐ அழைக்க ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு வளைவு தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

டவர் அமைப்பிலும் அலை அளவீட்டிலும் வேலை செய்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். அந்த மேப் எப்படிப் பிறக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் "சிக்னல் இல்லை" என்ற புகாரோடு நிறுத்தாமல், உங்கள் கணக்கு எந்தெந்த இடத்தில் இடறுகிறது என்று எண்களோடு சொல்கிறோம்.

டவரிலிருந்து தள்ளிப் போகப் போக அலை எவ்வளவு குறையும் என்று கணித்து உங்கள் மேப்புக்கு அடித்தளமாகும் சமவெளி வாய்ப்பாட்டிலிருந்து தொடங்குவோம். ஜப்பானியப் பொறியாளர் ஒகுமுரா டோக்கியோவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் அளந்து 1968இல் வெளியிட்ட வரைபடங்களை 1980இல் ஹாட்டா என்பவர் வாய்ப்பாடாக மாற்றினார். நல்ல வாய்ப்பாடுதான், ஆனால் அதற்கு எல்லை உண்டு. 150 முதல் 1500 மெகாஹெர்ட்ஸ் வரை, ஆன்டெனா உயரம் 30 முதல் 200 மீட்டர், தூரம் 1 முதல் 20 கிலோமீட்டர், நிலம் ஏறக்குறைய மட்டமாக இருக்க வேண்டும். 2000 மெகாஹெர்ட்ஸ் வரை அதை நீட்டித்த காஸ்ட் 231 வாய்ப்பாடும் இந்த மட்டநில நிபந்தனையைத் தளர்த்தவில்லை. டவருக்கும் கைபேசிக்கும் நடுவில் மலை நிற்கிறதா என்று கேட்கும் உறுப்பு அந்தச் சமன்பாட்டில் கிடையாது. தூரம் இரட்டித்தால் 40 மீட்டர் ஆன்டெனாவுக்குச் சுமார் 10 டெசிபெல் (திறன் பத்தில் ஒரு பங்காகும் அளவு) குறையும் என்று மட்டும் அதற்குத் தெரியும்.

ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரியும் தருமபுரியும் 500 மீட்டரை ஒட்டி. ஒகேனக்கல்லில் 250 மீட்டர் அளவுக்கு நிலம் இறங்கிவிடுகிறது. இடையில் மேலகிரி, வத்தல்மலை, சித்தேரி, தனித்தனியாக நிமிர்ந்து நிற்கும் கருங்கல் குன்றுகள். இப்படிப் படிப்படியாக இறங்கும் நிலத்தில் டவரைச் சுற்றி வட்டம் போட்டு வண்ணம் அடித்தால் வருவது மேப் அல்ல, கோலம்.

ஒரே ஒரு பாதையைக் கணக்கிட்டுக் காட்டுகிறோம். 900 மெகாஹெர்ட்ஸ், 10 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 4ஜி அலை, 20 வாட் திறன், 16 டெசிபெல் ஆதாயமுள்ள ஆன்டெனா 40 மீட்டர் உயரத்தில். டவரிலிருந்து கொட்டாய், அதாவது மலையோரக் குடியிருப்பு, 6 கிலோமீட்டர். டவரிலிருந்து 4 கிலோமீட்டரில் ஒரு முகடு, பார்வைக்கோட்டுக்கு மேலே 60 மீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த மாவட்டங்களில் இது சின்ன மலை.

20 வாட் என்பது 43 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை 0 என்று வைத்து டெசிபெல்லில் எண்ணும் திறன்). அது 4ஜி அலை பிரிந்து செல்லும் 600 துணைஅலைகளுக்குப் பங்காகிறது. ஆன்டெனா ஆதாயத்தைக் கூட்டி, கேபிள் இழப்பைக் கழித்தால் ஒரு துணைஅலைக்குச் சுமார் 30 டிபிஎம் வெளியேறும். நிலத்தைத் திறந்தவெளி என்று குறித்து ஹாட்டாவிடம் கொடுத்தால் இழப்பு 123 டெசிபெல். ஆகக் கைபேசியில் –93 டிபிஎம் வர வேண்டும் (கழித்தல் குறிக்குப் பின் எண் கூடக் கூடச் சிக்னல் மங்கும்). மேப்பில் பச்சை.

இப்போது அதே பாதையில் மலையை வைத்துப் பாருங்கள். தடையே இல்லாத வெளியில் 6 கிலோமீட்டருக்கு இழப்பு 107 டெசிபெல். அதாவது –77. முகட்டில் அலை மடங்கி இறங்கும் விளிம்பு விளைவுக்கு, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியு) பி.526 பரிந்துரையில் முகட்டைக் கத்திமுனையாகக் கொள்ளும் வாய்ப்பாட்டின்படி 25 டெசிபெல் போகிறது. –102. கொட்டாய்க்கு முன்னால் 100 மீட்டர் மாந்தோப்பு இருந்தால் மரங்களால் ஆகும் இழப்பைக் கணிக்கும் வைஸ்பெர்கர் வாய்ப்பாடு இன்னும் 19 டெசிபெல் கழிக்கிறது. –121. இழப்புகளை இப்படி நேராகக் கூட்டுவது தோராயம்தான். ஆனாலும் உங்கள் பச்சைக்கும் இதற்கும் இடையிலான 28 டெசிபெல் வித்தியாசத்தை எந்தத் தோராயமும் மூடிவிடாது. அது திறனில் 600 மடங்குக்கு மேல். தார்சு வீட்டுக்குள் போனால் மேலும் 10, 15 டெசிபெல் கழியும். –121இல் போன் எப்போதாவது ஒரு கோடு காட்டும், பேச விடாது.

இதை 2300 மெகாஹெர்ட்ஸில் போட்டால் முகட்டில் மட்டும் 29 டெசிபெல், வெறும் வெளியிலேயே 900ஐ விட 8 டெசிபெல் கூடுதல், தோப்பில் 25. "புதிய அலைவரிசை சேர்த்துவிட்டோம், சேவை மேம்பட்டது" என்று நீங்கள் சொல்லும்போது எந்த அலைவரிசை என்பதுதான் கேள்வி. ஓசூர் டவுனில் 2300 கூட்டத்தைத் தாங்கும். அஞ்செட்டிப் பள்ளத்தில் 700, 850, 900 இவைதான் மலையைத் தாண்டி இறங்கும்.

முகட்டுக் கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். மேலே சொன்ன கொட்டாய் முகட்டிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதே 60 மீட்டர் தடையோடு, மலையடியில் அரை கிலோமீட்டரில் இருந்தால் இழப்பு 30 டெசிபெல் ஆகிவிடும். அடிவாரத்தில் நிழல் அடர்த்தி, தள்ளிப் போகப் போக அலை மெல்ல இறங்கி எட்டும். அதனால்தான் டவருக்குக் கிட்டத்தில் இருக்கும் அடிவாரக் கொட்டாயில் சிக்னல் இல்லை, அதைத் தாண்டிய ஊரில் இருக்கிறது. இந்த மாவட்டங்களில் மலையடியில் வீடு கட்டிய எவரும் இதைச் சொல்வார்கள். வட்டம் போடும் மேப் இதைத் தலைகீழாகக் காட்டுகிறது.

உயரத் தரவு அடுத்தது. மலையைக் கணக்கில் எடுக்கும் மென்பொருளுக்கும் மலையின் உயரத்தை யாராவது சரியாகச் சொல்ல வேண்டும். பழைய திட்டக் கோப்புகள் பல 90 மீட்டர் கட்டத்திலான எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரத் தரவில் ஓடுகின்றன. அது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்தில் இருந்த ரேடார் எடுத்தது. 90 மீட்டர் சதுரத்துக்கு ஒரே ஓர் உயரம் என்றால், குறுகலான பாறை முகடு பக்கத்துச் சரிவோடு சராசரியாகித் தாழ்ந்துவிடும். நிஜத்தில் 60 மீட்டர் நீட்டிய முகடு தரவில் 20 மீட்டராகப் பதிவானால் 25 டெசிபெல் இழப்பு 16 ஆகக் குறைந்து தெரியும். செங்குத்துச் சரிவுகளில் ரேடார் நிழலால் ஓட்டைகள் விழுந்து, அவற்றை இட்டு நிரப்பிய பதிப்புகளும் உண்டு. காட்டில் நிலைமை வேறு: அந்த ரேடார் அலை தரையைத் தொடாமல் மரத்தலைகளுக்குள்ளேயே பெரும்பாலும் திரும்பிவிடுவதால் அங்கே நிலம் கூடுதல் உயரமாகப் பதிவாகும். 30 மீட்டர் தரவு பல ஆண்டுகளாகவே இலவசமாகக் கிடைக்கிறது. இஸ்ரோவின் கார்ட்டோசாட்-1 படங்களிலிருந்து உருவான கார்ட்டோடெம் என்ற உயரத் தரவு புவன் இணையதளத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபடும் முகடுகளை மட்டும் நேரில் சரிபார்ப்பது ஒரு மாவட்டத்துக்குப் பெரிய வேலையில்லை.

நிலவகைத் தரவு அதைவிட மோசம். மேப்பில் "விவசாய நிலம்" என்று குறித்த இடமெல்லாம் திறந்தவெளியாகக் கணக்காகிறது. ஹாட்டாவில் திறந்தவெளிக்கும் நகரத்துக்கும் 900 மெகாஹெர்ட்ஸில் 28 டெசிபெல் வித்தியாசம். இங்கே விவசாய நிலம் என்றால் பர்கூர், சந்தூர் பக்கம் மாந்தோப்பு, கிருஷ்ணகிரி அணை ஆயக்கட்டில் தென்னந்தோப்பு. இரண்டையும் பாலக்கோடு தக்காளிக் கொல்லையோடு ஒரே நிறத்தில் வைத்தால் கணக்கு எப்படித் தேறும்? மாமரம் வருடம் முழுக்க இலையோடு நிற்கும். மேலகிரிச் சரிவுக் காடு பிப்ரவரி, மார்ச்சில் இலை கொட்டிவிட்டு மழைக்குப் பிறகு அடைத்துக்கொள்ளும். வறண்ட மார்ச்சில் ஜீப்பில் போய் அளந்துவிட்டு "சரிபார்த்தாயிற்று" என்று கையெழுத்திடுவது காட்டைப் பாதி வெட்டிவிட்டு அளப்பதற்குச் சமம்.

ஆன்டெனா சாய்வைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் மேப்பில் அது காணாமல் போகிறது. வத்தல்மலையை எடுத்துக்கொள்வோம். மேலே உள்ள ஊர்கள் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில். கீழே டவர் 500 மீட்டர் உயரத்தில், 5 கிலோமீட்டர் தள்ளி. டவரிலிருந்து பார்த்தால் ஊர் கிடைமட்டத்துக்கு மேலே சுமார் 6 டிகிரி. டவரின் ஆன்டெனாவோ பக்கத்து டவரோடு மோதாமல் இருக்க 4 டிகிரி கீழே சாய்ந்திருக்கிறது. ஆக ஊர் முதன்மைக் கற்றையிலிருந்து 10 டிகிரி விலகி நிற்கிறது. 1800, 2100 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவின் செங்குத்துக் கற்றை அகலமே சுமார் 7 டிகிரி. 15 டெசிபெல்லும் அதற்கு மேலும் அங்கேயே போய்விடும். ஊரே டவரை விட உயரத்தில் இருக்கும்போது ஆன்டெனாவின் பயனுறு உயரம், அதாவது ஊரின் நிலத்துக்கு மேல் அது நிற்கும் உயரம், எதிர்ம எண்ணாகிவிடும். எதிர்ம எண்ணுக்கு மடக்கை எடுக்க முடியாமல் வாய்ப்பாடு திணறும். பல மென்பொருள்கள் அந்த இடத்தில் சத்தமில்லாமல் குறைந்தபட்ச உயரமாக 30 மீட்டரைப் போட்டுக்கொண்டு ஓடும். திரையில் பச்சை வரும், எச்சரிக்கை வராது.

"டவர் காட்டுது, கால் போகல" என்பது இங்கே தினப் பேச்சு. இதற்கு இரண்டு காரணங்கள். டவர் 20 வாட்டில் கத்துகிறது, கைபேசி அதிகபட்சம் 200 மில்லிவாட்டில், அதாவது 23 டிபிஎம்மில், பதில் சொல்கிறது. கீழிறங்கும் பாதையை மட்டும் வண்ணமடித்த மேப் பாதி உண்மைதான். அடுத்தது, உயரமான இடங்களில் தூரத்து டவர் நன்றாகத் தெரியும். காவிரிக்கு அக்கரையில் கர்நாடகப் பக்கம் உள்ள டவரை நாட்றாம்பாளையம், உரிகம் சரிவுகளில் போன் பிடித்துக்கொள்ளும். 4ஜியில் கைபேசி டவரை முதலில் தொடர்புகொள்ளும் முறையின் வழக்கமான அமைப்பில் 14.5 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கைபேசி கதவைத் தட்டினாலும் டவர் அதை ஏற்காது. கோடு நிற்கும், அழைப்பு விழாது. உங்கள் பதிவுகளில் இது தோல்வியாகக்கூட ஏறாது, ஏனென்றால் அந்த அழைப்பு வலையமைப்புக்குள் வந்ததே இல்லை. புகார் எண்ணிக்கை குறைவு என்று நீங்கள் சொல்லும் இடங்களில் புகார் சொல்ல சிக்னல் இல்லை என்பதையும் யோசியுங்கள்.

எல்லாவற்றையும் விட எங்களை உறுத்துவது நிகழ்தகவு. சரியாகச் சீரமைத்த கணிப்பிலும் நிஜ அளவு கணித்த அளவைச் சுற்றி 8 டெசிபெல் திட்டவிலக்கத்தோடு (சராசரியிலிருந்து விலகும் அளவு) சிதறும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, இயற்கை அப்படி. ஆனால் நடுநிலை மதிப்பை வைத்து வண்ணமடித்தால், பச்சையின் ஓரத்தில் இரண்டில் ஓர் இடத்தில் சிக்னல் இருக்காது. பத்தில் ஒன்பது இடத்தில் வேண்டுமென்றால் 10 டெசிபெல் ஒதுக்கி வைத்துத்தான் வண்ணமடிக்க வேண்டும். உங்கள் மேப்பின் ஓரத்தில் எத்தனை சதவீதம் என்ற குறிப்பே இல்லை. இரண்டில் ஒன்று என்றால் மனுவுக்குப் பதிலாக அதை அனுப்பியிருக்கவே கூடாது.

சரிபார்ப்பு ஓட்டம் சாலையில் நடக்கிறது. மலைச்சாலை சமவெளியைப் பார்த்தபடி ஏறும், அதில் சிக்னல் வரும். ஊர் வளைவுக்கு உள்ளே, முகட்டுக்குப் பின்னால் இருக்கும். தேர்தல் பெட்டி கழுதை முதுகில் ஏறிப்போகும் கோட்டூர் மலைக்கு உங்கள் அளவீட்டு வண்டி எந்தச் சாலையில் போகும்? மேலும் உங்கள் பதில்களில் ஊர் என்பது வருவாய் கிராமம். பெட்டமுகிலாளம் போன்ற ஊராட்சியில் குக்கிராமங்கள் மலை மடிப்புகளுக்குள் சிதறிக் கிடக்கின்றன. தாய்க்கிராமத்தில் ஒரு புள்ளியில் சிக்னல் இருந்தால் மொத்தத்தையும் "சேவை உள்ளது" என்று அடைத்துவிடுகிறீர்கள். 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்ல 26,316 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அப்படிப்பட்ட பட்டியல்களில் ஓர் ஊர் ஏறுமா, விழுமா என்பது இந்தப் பச்சையைப் பொறுத்திருக்கிறது. 2024 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் சேவைத்தர விதிமுறைகளின்படி சேவை மேப்பை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். ஆகவே இது இனி உங்கள் அலுவலகச் சுவரில் மாட்டும் படம் இல்லை, பொது ஆவணம்.

வனத்துறை அனுமதி கிடைக்கவில்லை, டீசல் கொண்டுபோகச் சாலை இல்லை, வருமானம் தேறாது என்றால் அதையே எழுதுங்கள். அது நேர்மையான பதில், அதைத் தீர்க்க வேறு வாசல்களைத் தட்டலாம். இல்லாத சிக்னலை இருக்கிறது என்று எழுதினால் எல்லா வாசலும் அடைபட்டுவிடுகிறது.

எங்கள் கோரிக்கைகள் இவை.

"சேவை எல்லைக்குள் உள்ளது" என்று மறுத்த மலையோர மனுக்கள் அனைத்தையும் மீண்டும் திறக்க வேண்டும். கணித்த மேப்பை மட்டும் காட்டி இனி எந்த மனுவையும் முடிக்கக் கூடாது. மறுப்பதென்றால் டவரிலிருந்து அந்த ஊர் வரையான நில வெட்டுத்தோற்றம், முகட்டின் உயரம், பயன்படுத்திய அலைவரிசை, ஆன்டெனா உயரம், திசை, சாய்வு ஆகியவற்றைப் பதிலோடு இணைக்க வேண்டும். ஒரு பக்கத்தில் அடங்கும்.

இரு மாவட்டங்களின் மலைப் பகுதிக்கு ஹாட்டா வகை வாய்ப்பாட்டைக் கைவிட்டு, பாதை பாதையாக நிலத்தைப் பார்க்கும் ஐடியு பி.1812 அல்லது லாங்லி-ரைஸ் முறைக்கு மாற வேண்டும். 30 மீட்டர் உயரத் தரவு கட்டாயம். அடுத்தடுத்து முகடுகள் வரும் அஞ்செட்டி, சித்தேரி போன்ற இடங்களில் ஒரே முகட்டோடு கணக்கை நிறுத்தக் கூடாது. காடு, மாந்தோப்பு, தென்னந்தோப்பு மூன்றுக்கும் தனித்தனி நிலவகை வேண்டும்.

கணிப்பைச் சீரமைக்கச் சோதனை அலைபரப்பியை உத்தேச டவர் உயரத்தில் ஏற்றி அளக்க வேண்டும். 40 அலைநீளத்துக்கு, 900 மெகாஹெர்ட்ஸில் அது 13 மீட்டர், ஒரு சராசரி எடுத்தால்தான் நொடிக்கு நொடி ஏறி இறங்கும் அலைவு அடங்கும். ஒருமுறை மார்ச்சில் அளந்தால் மறுமுறை அக்டோபர், நவம்பரில் இலை அடர்ந்த பிறகு அளக்க வேண்டும். சராசரிப் பிழையையும் திட்டவிலக்கத்தையும் வெளியிட வேண்டும்.

சரிபார்ப்பு நடந்து செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு குக்கிராமத்திலும் பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, ஒரு வீட்டின் உட்புறம் ஆகிய இடங்களில் சிக்னல் அளவோடு, பேசும் அழைப்பு போகிறதா, வருகிறதா என்றும் பதிய வேண்டும். ஊராட்சித் தலைவரோ வார்டு உறுப்பினரோ உடன் நின்று கையெழுத்திட வேண்டும்.

மேப்பில் பச்சை என்பதற்கு ஒரே விளக்கம் இருக்கட்டும்: ஓரத்தில் 90 சதவீத இடங்களில், மேலேறும் பாதையும் கீழிறங்கும் பாதையும் இரண்டும் தேறிய இடம். மற்றதை மஞ்சளாகக் காட்டுங்கள், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

பள்ளத்துக்குள் இருக்கும் கொட்டாய்களுக்கு 40 மீட்டர் டவர்தான் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. தமிழக அரசின் டான்பிநெட் இணையக் கண்ணாடியிழை ஊராட்சி அலுவலகம் வரை வந்துவிட்ட இடங்களில், எதிர்ச்சரிவில் 15 மீட்டர் கம்பத்தில் குறைந்த திறன் சாதனம் ஒன்று, மலைக்கு அப்பால் நிற்கும் பெரிய டவரை விட நன்றாக வேலை செய்யும். அந்த இடங்களுக்கு இதைப் பரிசீலித்து எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும். ஊரகத் தொலைத்தொடர்புக்கான டிஜிட்டல் பாரத் நிதியில் அமைந்த 4ஜி டவர்களில் வேறு நிறுவன சிம்மும் வேலை செய்யும் வசதியை மத்திய அரசு 2025 ஜனவரியில் தொடங்கிவைத்தது. இரு மாவட்டங்களிலும் அந்த நிதியில் அமைந்த டவர்கள் எவை, அவற்றில் இந்த வசதி திறந்திருக்கிறதா என்பதைப் பட்டியலாக ஆட்சியர் அலுவலகங்களுக்குத் தாருங்கள்.

மீண்டும் திறந்த மனுக்களின் எண்களையும், ஒவ்வொன்றுக்கும் நடந்து அளக்கும் தேதியையும் 30 நாட்களுக்குள் அந்தந்த ஊராட்சிக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அளவீட்டின் அன்று உடன் வந்து பாதை காட்டவும், எங்கள் அளவுகளை உங்கள் அளவுகளோடு வைத்து ஒப்பிடவும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்த அலைபரப்புத் தொழில்நுட்பப் பணியாளர்கள்